எண்ணிக் காத்த காடும் கடலும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் ஆலயத்தின் பொறுப்பினை ஏற்கும் புதிய செயலவையினர் முதற்கண் செய்யும் பணி யாது என்பதை அன்பர்கள் அறிவர். பொருட்பதிவேடு கொண்டுவரப்படுகிறது. திருவாபரணங்கள், வெள்ளிக் கவசங்கள், உற்சவ மூர்த்திகள், குத்துவிளக்குகள், வாகனங்கள் என ஒவ்வொன்றும் எண்ணப்படுகின்றன. பழைய குழுவினரும் புதிய குழுவினரும் ஒருங்கே நின்று சரிபார்த்துக் கையொப்பம் இடுகின்றனர். ஒருவர்மீது ஒருவர் கொண்ட ஐயத்தினால் இவ்வாறு செய்வதில்லை. பதிவேட்டில் இல்லாத பொருள் ஒன்று காணாமற் போனால், அது காணாமற் போனது என்று எடுத்துச் சொல்லவும் ஆளிருக்காது. எண்ணப்பட்ட பொருளே காக்கப்படும் என்பது ஆலய நிருவாகத்தின் பாலபாடம்.

மனிதர் செய்தளித்த பொருள்களுக்கு இத்துணைக் கவனம் காட்டப்படுகிறது. இறைவன் படைத்தளித்த பொருள்களுக்கு எத்தகைய பதிவேடு வைக்கப்பட்டிருக்கிறது? ஊருக்கு அருகிலுள்ள காட்டில் எத்தனை வகை மரங்கள் நிற்கின்றன? கடல்நீர் வடிந்த கரையில் எத்தனை வகை உயிர்கள் வாழ்கின்றன? இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. விடை தெரியாத காரணத்தினாலேயே அவை ஒவ்வொன்றாக மறைந்து போகும்போது ஊரார் எவரும் வருந்துவதில்லை.

ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலமாக மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காட்டையும் கடலோரத்தையும் காக்க நடைபெற்ற முயற்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். நேரில் சென்று பார்த்து, எண்ணி, எழுதி, பிறருக்கும் காட்டி, உரியவர்களிடம் முறைப்படி எடுத்துரைத்த இடங்களிலெல்லாம் நற்பயன் விளைந்திருக்கிறது. அவ்வாறு காக்கப்பட்டவையும் ஒருமுறை காத்ததனால் என்றென்றும் நிலைபெற்றுவிடுவதில்லை என்பதையும் அவ்வரலாறே காட்டுகிறது. இவ்விரண்டு செய்திகளும் இன்றைய உரையின் பொருளாகும்.

தமிழரும் காடும்

காடும் கடலும் தமிழரின் சமய வாழ்வுக்குப் புறம்பானவை அல்ல. தொல்காப்பியம் நிலங்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வத்தைக் கூறுகிறது. காடு சார்ந்த முல்லைக்கு மாயோன், மலை சார்ந்த குறிஞ்சிக்குச் சேயோன், வயல் சார்ந்த மருதத்துக்கு வேந்தன், கடல் சார்ந்த நெய்தலுக்கு வருணன். திருவள்ளுவரோ கடவுள் வாழ்த்தை அடுத்து மழையைப் போற்றும் வான்சிறப்பு அதிகாரத்தை வைத்தார். திருத்தலம்தோறும் ஒரு தலவிருட்சம் போற்றப்படுவதும், திருக்குளம் தீர்த்தமெனக் கொண்டாடப்படுவதும் அன்பர்கள் நன்கறிந்தவை.

ஆயினும் இந்நாட்டில் தமிழருக்கும் காட்டுக்கும் ஏற்பட்ட உறவு வேறொரு வகையில் தொடங்கியது. 1877-ஆம் ஆண்டில் கியூ தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் அம்மரத்தின் பொருட்டு மலாயாவின் மேற்குக் கரை நெடுகிலும் பெருங்காடுகள் வெட்டப்பட்டன. காட்டை வெட்டி, நெருப்பிட்டு, கன்று நட்டு, பால்மரம் சீவியவர்களுள் பெரும்பான்மையோர் தென்னகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களே. மலைக்காய்ச்சலுக்கும் பாம்புக்கும் புலிக்கும் அஞ்சிய அம்மக்கள், தோட்டத்தின் ஓரத்தில் வெட்டாமல் விட்டுவைத்த ஒரு பெரிய மரத்தின் அடியில் சூலத்தை நட்டு முனியாண்டியையும் மாரியம்மனையும் வணங்கினர். இந்நாட்டு ஆலயங்கள் பலவும் அத்தகைய மரத்தடியில் தோன்றியவையே.

காடு வெட்டும் முடிவினை அவர்கள் எடுக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக உழைத்தார்கள். அவ்வுழைப்பின் பயனை இன்றைய தலைமுறை நுகர்கிறது. எனவே எஞ்சியிருக்கும் காட்டைப் பற்றிக் கவலைப்படும் கடமை இந்தத் தலைமுறைக்கு மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாக உண்டு, குறைவாக இல்லை. மரத்தடியில் தொடங்கிய வழிபாடு, அம்மரத்துக்குப் பின்னால் நின்ற காட்டை மறந்துவிடலாகாது.

எண்டாவ்–ரொம்பின்: ஒரு காட்டின் வரலாறு

ஜோகூர், பகாங் மாநிலங்களின் எல்லையில் எண்டாவ், ரொம்பின் என்னும் ஆறுகளின் பெயரால் வழங்கும் பெருங்காடு இருக்கிறது. ஜக்கூன் என்னும் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்து வருகின்றனர். 1976 முதல் 1980 வரையிலான மூன்றாம் மலேசியத் திட்டத்தில் அக்காடு பாதுகாக்கப்பட வேண்டிய பகுதிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருந்தது. எனினும் 1977-ஆம் ஆண்டில் அக்காட்டின் நடுப்பகுதியிலேயே மரம் வெட்டுவதற்குப் பகாங் மாநிலத்தில் உரிமம் வழங்கப்பட்டது. நிலமும் காடும் மாநில அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதால், நடுவண் அரசின் திட்டத்தில் எழுதப்பட்டிருந்த ஒன்று காட்டுக்குள் நடைமுறைக்கு வரவில்லை.

செய்தி வெளியானதும் 1940-ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த மலாயா இயற்கைக் கழகம் உள்ளிட்ட அமைப்புகள் குரல் எழுப்பின. நாளிதழ்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. ஆசிரியர்கள், மாணவர்கள், அறிவியலாளர்கள், பொதுமக்கள் எனப் பல தரப்பினரும் பங்குகொண்டனர். ஒரு காட்டுக்காக நாடு தழுவிய அளவில் பொதுமக்கள் எழுப்பிய குரலாக அது அமைந்தது. 1978-ஆம் ஆண்டில் மரம் வெட்டும் பணி நிறுத்தப்பட்டது.

நிறுத்தப்பட்டதே தவிர, காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் அப்போது கிட்டவில்லை. இன்று நிறுத்தியதை நாளை மீண்டும் தொடங்கலாம் என்ற நிலை இருந்தது. இந்நிலையில் இயற்கைக் கழகத்தினர் ஒரு முடிவுக்கு வந்தனர். காட்டைக் காக்க வேண்டும் என்று சொன்னால் போதாது. காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். 1985-ஆம் ஆண்டில் ஒரு பெரும் ஆய்வுப் பயணம் தொடங்கப்பட்டது. அறிவியலாளர்களும் தொண்டர்களும் காட்டுக்குள் தங்கி மரங்களையும் செடிகளையும் பறவைகளையும் பூச்சிகளையும் மீன்களையும் வகைப்படுத்தி எழுதினர். அறிவியல் உலகம் அதுவரை அறிந்திராத உயிரினங்களும் அக்காட்டில் இருப்பது தெரியவந்தது. அக்காட்டில் வளரும் ஒரு விசிறிப் பனைக்கு எண்டாவ் ஆற்றின் பெயரே அறிவியற் பெயராகச் சூட்டப்பட்டது.

பெயர் தெரியாத காடாக இருந்தவரை அது வெறும் மரக்கட்டைக் கணக்காகவே பார்க்கப்பட்டது. பதிவேடு எழுதப்பட்ட பிறகு அதுவே நாட்டின் செல்வமாயிற்று. 1989-ஆம் ஆண்டில் ஜோகூர் மாநிலம் தேசியப் பூங்காக்களுக்கான சட்டத்தை இயற்றியது. 1993-ஆம் ஆண்டில் ஜோகூர்ப் பகுதியிலுள்ள எண்டாவ்–ரொம்பின் காடு தேசியப் பூங்காவாக அரசிதழில் வெளியிடப்பட்டது. முதற்குரல் எழுந்த ஆண்டிலிருந்து எண்ணினால் 16 ஆண்டுகள். கடிதம் எழுதியவர்களுள் எத்தனையோ பேர் அதற்குள் முதுமை எய்தியிருப்பர். பணியைத் தொடங்கியவர் முடிவைக் காண்பார் என்னும் உறுதி இத்தகைய தொண்டில் இல்லை. கோபுரத் திருப்பணிக்குக் கல் சுமந்தவர்கள் அனைவரும் குடமுழுக்கைக் காணவில்லை அல்லவா?

மலையும் ஏரியும் சதுப்பு நிலமும்

பினாங்கு மலையை அறியாத அன்பர்கள் இருக்க மாட்டார்கள். உச்சியில் முருகப் பெருமான் கோயில் கொண்டுள்ள மலை அது. 1990-ஆம் ஆண்டில் அம்மலையில் தங்குவிடுதிகளும் கேளிக்கை வசதிகளும் அமைக்கும் பெரிய மேம்பாட்டுத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. மலையின் மண் சரிவு, நீரோடை, காடு ஆகியவற்றுக்கு நேரக்கூடிய தீங்கினை எடுத்துக்காட்டிப் பினாங்கு மக்கள் அமைப்புகள் ஒன்றுகூடின. மலையின் நண்பர்கள் என்று தங்களை அழைத்துக்கொண்ட அவர்கள், மக்களிடம் கையொப்பம் திரட்டினர். திட்டம் கைவிடப்பட்டது. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் யுனெஸ்கோ அமைப்பு பினாங்கு மலையையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலை காக்கப்பட்டதனால்தான் முப்பதாண்டுகளுக்குப் பின் அப்பெருமை வந்து சேர்ந்தது.

நிலம் மிகக் குறைந்த சிங்கப்பூரிலும் இத்தகைய முயற்சிகள் பயன் தந்துள்ளன. 1986-ஆம் ஆண்டில் பறவை காண்பதில் ஆர்வம் கொண்ட சிலர், தீவின் வடமேற்கே சுங்கை பூலோவில் கைவிடப்பட்ட இறால் குளங்களின் நடுவே ஏராளமான வலசைப் பறவைகள் வந்து தங்குவதைக் கண்டனர். வடகோளத்தின் கடுங்குளிரிலிருந்து புறப்பட்டுத் தெற்கே பறந்து செல்லும் பறவைகள் அவை. இளைப்பாறவும் இரை தேடவும் அச்சேற்று நிலமே அவற்றுக்குச் சத்திரமாக விளங்கியது. கண்டவர்கள் அந்த அதிசயத்தைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. எந்தெந்தப் பறவை, எத்தனை, எந்த மாதத்தில் என்று குறித்தனர். அந்நிலத்தைப் பூங்காவாக வைத்துக்கொள்ள வேண்டுமென அரசிடம் எழுத்து மூலம் பரிந்துரைத்தனர். 1989-ஆம் ஆண்டில் 87 ஹெக்டேர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் மக்களுக்காகத் திறக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டில் அது 130 ஹெக்டேர் பரப்புள்ள இயற்கை வனக் காப்பகமாயிற்று.

1992-ஆம் ஆண்டில் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் கோல்ஃப் திடல் ஒன்றை அமைக்கும் திட்டம் எழுந்தது. மலாயா இயற்கைக் கழகத்தின் கிளையாக இருந்து 1991-ஆம் ஆண்டில் தனி அமைப்பாகிய சிங்கப்பூர் இயற்கைக் கழகத்தினர், காட்டின் உயிரினங்களையும் திட்டத்தினால் நேரும் விளைவுகளையும் ஆராய்ந்து அறிக்கை ஒன்றைத் தாங்களே தயாரித்தனர். 17,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. அறிக்கையும் கையொப்பமும் இணைந்தே அங்குப் பணி செய்தன. அறிக்கை மட்டும் இருந்திருந்தால் சிலரின் ஆராய்ச்சி என ஒதுக்கப்பட்டிருக்கலாம். கையொப்பம் மட்டும் இருந்திருந்தால் உணர்ச்சிவயப்பட்டோரின் கூச்சல் எனக் கருதப்பட்டிருக்கலாம்.

செக் ஜாவா: கடல் ஒதுக்கித் தந்த காட்சி

இவை அனைத்திலும் உள்ளத்தைத் தொடும் நிகழ்ச்சி செக் ஜாவாவில் நடந்ததாகும். சாங்கியிலிருந்து படகேறிச் சிறிது நேரத்தில் அடையக்கூடிய புலாவ் ஊபின் தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா இருக்கிறது. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் திடல், பவளத் துண்டுகள் நிறைந்த திட்டு, பாக்காவ் மரங்கள் அடர்ந்த சதுப்பு, கரையோரக் காடு ஆகிய ஆறும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நடந்தே பார்க்கக்கூடிய தொலைவுக்குள் இத்தனை வகை நிலங்கள் சேர்ந்திருப்பது அரிது.

கடல் நிறைந்திருக்கும் வேளையில் அங்கு வெறும் தண்ணீர்தான் தெரியும். நீர் மிகவும் வடியும் நாள்களில், அதுவும் சில மணி நேரமே, கடலடித் தரை வெளிப்படும். விடியற்காலையிலோ அந்தி வேளையிலோ அந்நேரம் வாய்க்கும். அதனால் ஊபின் தீவுக்குப் போய்வந்தவர்களுள் பலருக்கு அப்படி ஓரிடம் இருப்பதே தெரியாது. அப்பகுதியை மண்ணிட்டுத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் 1990-களிலேயே வகுக்கப்பட்டிருந்தது. 2001-ஆம் ஆண்டின் இறுதியில் பணி தொடங்குவதாக இருந்தது.

2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தாவரவியலாளர் ஜோசப் லாய் செக் ஜாவாவின் உயிர்வளத்தைக் கண்டார். தரையெங்கும் நட்சத்திர மீன்கள், கடல் அட்டைகள், கடற்சாமந்திகள், நண்டுகள், சிப்பிகள். காண்பதற்கு இன்னும் ஓராண்டே மிஞ்சியிருந்தது. அவர் கண்டதை மற்றவர்களிடம் சொன்னார், செய்தி பரவியது.

அதன் பின் நடந்தது கவனிக்கத்தக்கது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்களும் தொண்டர்களும் நீர் வடியும் வேளைகளில் அங்குச் சென்றனர். திட்டம் நின்றுவிடும் என்னும் நம்பிக்கை அப்போது அவர்களிடம் இல்லை. மண்ணுக்குள் புதையப் போகும் உயிர்களின் அடையாளமாவது எஞ்சட்டும் என்றே அவர்கள் அப்பணியை மேற்கொண்டனர். கரையில் கயிறு கட்டி அளந்து, எங்கே எந்த உயிர் எத்தனை இருக்கிறது எனக் குறித்தனர். அருங்காட்சியகத்தில் வைப்பதற்காகச் சிலவற்றைச் சேகரித்தனர். மரணப் படுக்கையில் இருப்பவரின் வாயால் குலவரலாற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளும் உறவினர்களைப் போன்று அவர்கள் உழைத்தனர்.

நாளிதழ்களில் செய்தி வந்ததும், அழியுமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று குடும்பம் குடும்பமாக மக்கள் புறப்பட்டனர். தாத்தா பாட்டியரும் பேரப்பிள்ளைகளும் கைகோத்து ஈர மணலில் நடந்தனர். ஆயிரக்கணக்கானோர் வந்தபோது, உயிர்கள் மிதிபடாதவாறு தொண்டர்கள் வழிகாட்டினர். குழந்தைகள் கடிதம் எழுதினர். அறிவியலாளர்களின் அறிக்கைகள் அரசிடம் அளிக்கப்பட்டன. அமைச்சரும் நேரில் வந்து பார்த்தார். மறியலோ சண்டையோ நிகழவில்லை; மக்கள் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள்; அரசு கேட்டது.

2001-ஆம் ஆண்டு டிசம்பரில், பணி தொடங்கவிருந்த அதே காலத்தில், செக் ஜாவாவைத் தூர்க்கும் திட்டம் ஒத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. புலாவ் ஊபின் தீவு மேம்பாட்டுக்குத் தேவைப்படாத வரையில் அது அவ்வாறே விடப்படும் என்பது அவ்வறிவிப்பின் சாரம். புதையப்போகும் உயிர்களுக்காக எழுதப்பட்ட கணக்கே அவற்றை வாழவைத்த சான்றாகவும் ஆயிற்று. 2007-ஆம் ஆண்டு ஜூலையில் மக்கள் கடலையும் சதுப்பையும் மிதிக்காமல் காண்பதற்காக ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் நடைபாலமும், 20 மீட்டர் உயரக் காட்சிக் கோபுரமும் திறக்கப்பட்டன.

காத்தபின் காத்தல்

இத்துடன் உரையை முடித்துவிட்டால் கதை இனிமையாக இருக்கும். ஆனால் உண்மை முழுமையாகச் சொல்லப்பட வேண்டும்.

2006-ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007-ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஜோகூரில் பெருமழை பெய்து வெள்ளம் சூழ்ந்தது. ஆற்றுநீர் பெருகிக் கடலில் கலந்தபோது செக் ஜாவாப் பகுதியில் நீரின் உப்புத்தன்மை குறைந்தது. நடைபாலம் திறப்பதற்குச் சில மாதங்களே இருந்த வேளையில், கரையிலிருந்த உயிர்கள் பெருந்திரளாக மடிந்தன. எத்தனை மடிந்தன, எவை தப்பின, எவை மீண்டு வந்தன என்பதைத் தொண்டர்கள் தொடர்ந்து சென்று குறித்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் உயிர்கள் மெல்ல மெல்லத் திரும்பின. முந்தைய பதிவேடு இருந்ததனால்தான் இழப்பையும் அளக்க முடிந்தது. மீட்சியையும் அறிய முடிந்தது. அரசும் மக்களும் ஒருமனதாகக் காத்த இடத்துக்கும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த நீர் துன்பம் விளைவிக்கலாம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. ஆற்றுக்கும் கடலுக்கும் கடவுச்சீட்டு கிடையாது.

எண்டாவ்–ரொம்பின் காட்டின் வரலாற்றிலும் ஒரு துயரப் பக்கம் உண்டு. அக்காடு சுமத்திரா காண்டாமிருகத்தின் புகலிடங்களுள் முதன்மையானது. உலகிலுள்ள ஐந்து வகைக் காண்டாமிருகங்களுள் மிகச் சிறியது அது. இரு கொம்புகளும் உடலில் உரோமமும் உடையது. அவ்விலங்கின் பொருட்டேனும் அக்காட்டைக் காக்க வேண்டும் என்று 1970-களில் குரல் எழுப்பியவர்கள் வாதாடினார்கள். காடு காக்கப்பட்டது. விலங்கு காக்கப்படவில்லை. கொம்புக்காக வேட்டையாடப்பட்டும், எஞ்சியவை ஒன்றையொன்று சந்தித்து இனம்பெருக்க இயலாதவாறு சிதறியும், அவை அருகிப் போயின. 2015-ஆம் ஆண்டில் மலேசியக் காடுகளில் அவ்வினம் அற்றுப்போய்விட்டதாக அறிவியலாளர்கள் அறிவித்தனர். சபாவில் பராமரிக்கப்பட்டு வந்த தாம் என்னும் ஆண் காண்டாமிருகம் 2019-ஆம் ஆண்டு மே மாதத்திலும், இமான் என்னும் பெண் காண்டாமிருகம் அதே ஆண்டு நவம்பரிலும் இறந்தன. அத்துடன் மலேசிய மண்ணில் அவ்வினத்தின் கதை முடிந்தது.

மூலவர் இல்லாத கருவறையைப் போன்று, தான் யாருக்காகக் காக்கப்பட்டதோ அவ்வுயிர் இல்லாமல் அந்தக் காடு நிற்கிறது. காடு நிற்பதனால் யானையும் புலியும் தபிரும் எண்ணற்ற பறவைகளும் வாழ்விடம் பெற்றன, ஆறுகள் ஊற்றெடுக்கின்றன. ஆகவே அம்முயற்சி வீணாகவில்லை. ஆயினும் எல்லைக்கல் நட்டு, அரசிதழில் வெளியிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீடு திரும்பினால் காவல் முடிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. குடமுழுக்கு நடைபெற்ற ஆலயத்தில் மறுநாள் முதல் ஆறுகால பூசையும் அன்றாடத் துப்புரவும் நடைபெற வேண்டாமா? பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை திருப்பணி செய்வதும் அதனால்தானே?

ஆலயத்தார் ஆற்றக்கூடிய பணி

காட்டையும் கடலையும் காக்கும் பணி அறிவியலாளர்களுக்கும் அரசுக்கும் மட்டுமே உரியது என்று ஆலய அன்பர்கள் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. மேற்கூறிய வெற்றிகள் எல்லாவற்றிலும் ஆசிரியர்களும் அலுவலர்களும் இல்லத்தரசிகளும் மாணவர்களும் பங்கு கொண்டிருக்கின்றனர். ஆலயத்தைச் சார்ந்தவர்கள் தம் அளவில் செய்யக்கூடியவை சிலவற்றை இங்கு நினைவூட்டுதல் தகும்.

முதலாவது, சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அருகிலுள்ள காட்டுக்கோ சதுப்பு நிலத்துக்கோ கடற்கரைக்கோ முறையான வழிகாட்டியுடன் அழைத்துச் செல்லலாம். வில்வமும் வேம்பும் வன்னியும் தேவாரத்திலும் புராணத்திலும் வரும் பெயர்களாக மட்டும் பிள்ளைகளின் செவியில் விழுகின்றன. ஆலய வளாகத்திலேயே உள்ள மரங்களின் பெயர்களை எழுதிவைக்கச் சொல்வதே நல்ல தொடக்கமாகும். ஆலயப் பதிவேட்டில் வெள்ளிக் குடங்களுக்கு ஒரு பக்கம் இருப்பதைப் போன்று மரங்களுக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

இரண்டாவது, கடலிலும் ஆற்றிலும் கரைக்கப்படும் பொருள்களைப் பற்றியது. சடங்குகளின் நிறைவில் மலரும் மஞ்சளும் நீரில் விடப்படுவது மரபு. முன்னோர் விட்டவை மண்ணாலும் இலையாலும் பருத்தியாலும் ஆனவை. அவை நீரோடு நீராகக் கரைந்தன. இன்று நெகிழிப் பைகளும் வெண்ணுரைத் தட்டுகளும் செயற்கை மாலைகளும் சாயம் பூசிய பொம்மைகளும் அவற்றோடு சேர்ந்து போகின்றன. கரையாத பொருளைக் கடலில் இட்டுவிட்டுக் கரைத்தோம் என்று சொல்வது பொருந்துமா? வருணனுக்கு உரிய இடத்தில் குப்பை இடுவது எந்த ஆகமத்திலும் விதிக்கப்படவில்லை. உபயக்காரர்களுக்கு வழங்கப்படும் பூசைப்பொருள் பட்டியலிலேயே மண், இலை, பருத்தி என்று குறித்துவிட்டால் பாதிப் பணி முடிந்துவிடும்.

மூன்றாவது, தைப்பூசம் முதலிய பெருவிழாக்களில் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் நடைபெறுகின்றன. கொடுக்கும் கை வணங்கத்தக்கது. அக்கை கொடுத்த நெகிழிக் குவளை மறுநாள் மழையில் சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் செல்லாதவாறு பார்த்துக்கொள்வதும் தானத்தின் ஒரு பகுதியே ஆகும்.

நான்காவது, ஊருக்கு அருகே காடோ கரையோ மாற்றம் பெறப் போகிறது என்று அறிய வரும்போது, அறிந்தவர்கள் முறைப்படி கருத்துச் சொல்ல முன்வர வேண்டும். அதற்கு முன்னர் நேரில் சென்று பார்த்துவர வேண்டும். பார்க்காமல் கையொப்பமிடுவது எளிது. பார்த்தபின் இடும் கையொப்பத்துக்கே வலிமை உண்டு. மேம்பாடு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. வீடும் சாலையும் வேலையும் மக்களுக்குத் தேவை. எதனை இழந்து எதனைப் பெறுகிறோம் என்பதைக் கணக்கிட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யவேண்டும் என்பதே இத்தொண்டர்கள் கேட்டது.

நிறைவாக

செக் ஜாவாவில் நீர் வடிந்த கரையில் குனிந்து நின்று எண்ணியவர்களுக்கு வெற்றி கிட்டும் என்ற உறுதி இல்லை. எண்டாவ் காட்டுக்குள் தங்கி இலையையும் பூச்சியையும் வரைந்தவர்களுக்கும் அவ்வுறுதி இல்லை. பயனை எதிர்பாராமல் கடமையைச் செய்தல் என்று மேடைதோறும் பேசப்படுவதை அவர்கள் சேற்றில் நின்று செய்து காட்டினர். அவர்களுள் பல சமயத்தவரும் பல மொழியினரும் இருந்தனர். படைப்பைப் போற்றுதல் என்னும் ஒரு செயலில் அவர்கள் ஒன்றுபட்டனர்.

வருகின்ற தலைமுறையிடம் ஒருநாள் பொறுப்பை ஒப்படைக்கும் வேளை வரும். அன்று ஆலயத்தின் பொருட்பதிவேட்டைப் போன்று இந்நாட்டின் காடும் கரையும் மலையும் கடலும் எண்ணிச் சரிபார்க்கப்படும். பெற்றுக்கொண்டபோது இருந்தவற்றுள் சில குறைந்திருக்கும்; காண்டாமிருகம் இருந்த இடம் வெறுமையாக இருக்கும். எஞ்சியவை ஒன்றும் குறையாமல் ஒப்படைக்கப்பட்டால், அடியில் கையொப்பமிடும் தகுதி இத்தலைமுறைக்கு உண்டாகும். அத்தகுதியைப் பெறுவதற்கு எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவாராக.

வாழ்க வையகம்! வளர்க அருட்பணி!